பாசி என்று எழுதினேன்

ஜனவரி 18

தொம்மை மாமாவின் ஏழாம் நாள் பூசை நேற்று முடிந்தது. இன்று வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்பா திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். ஒன்பதாம் தேதி, விடிந்தும் விடியாத பனி. அவரும் மாமாவும் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இன்ஜின் ஓடும் இரட்டை மெஷின் சத்தம் கேட்டது. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைப் போட் பனிக்குள்ளிருந்து வந்து எங்கள் வள்ளத்தின் மேல் ஏறியது. நிற்காமல் போய்விட்டது. அப்பா மண்ணெண்ணெய் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். மாமா இரண்டு நாள் கழித்துக் கரைக்கு வந்தார். வள்ளம் வரவே இல்லை.

ஊரில் யாரும் நம்பவில்லை. அப்பா கண்ணசந்துபோய்ப் பாறைத்திட்டில் ஏற்றிவிட்டார் என்கிறார்கள். நான்கு வருஷத்துக்கு முன்பு அவர் விட்ட குடியை இப்போது இவர்களே அவர் வாயில் ஊற்றுகிறார்கள். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஊர் கமிட்டி கூடி முடிவு சொல்லப்போகிறது. மோதிய போட் இன்னதென்று காட்டினால் போலீஸில் கேஸ் நிற்கும். காட்டாவிட்டால் மச்சானைக் கொன்றவர் என்ற பெயர் அப்பாவுக்கு. அதன்பிறகு இந்தக் கரையில் யாரும் அவரைத் தங்கள் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள்.

பூசையில் மாமாவின் மனைவி ஆக்னஸ் அத்தை அப்பா இருந்த பக்கம் திரும்பவில்லை. மாமா செத்ததிலிருந்து அத்தை எங்களோடு பேசுவதில்லை.

போட் பழுதுபார்க்கும் ஷெட்டில், என்னோடு வேலை பார்க்கும் புஷ்பம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "சாப்பாடு கொண்டாந்தியா? இல்லன்னா சொல்லு, பிறவு என் தட்டுல கை வைக்க விடுத அளவுக்கு நான் ஒண்ணும் நல்லவ இல்ல" என்றாள். நான் சிரித்தேன். சிரித்தது தப்பு மாதிரி இருந்தது.

ஜனவரி 19

புது வேலை வந்திருக்கிறது. இருபத்தாறு அடி டூரிஸ்ட் போட். லாரியில் தார்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். வெள்ளை.

தூத்துக்குடியில் வெள்ளைப் போட்கள் எத்தனையோ இருக்கின்றன.

முதலாளி ரெமிஜியுஸ் சார் என்னைக் கூப்பிட்டார். "ஜெனோவா, இது உன் கையாலதான் செய்யணும். வேற யாரும் தொடக் கூடாது. புஷ்பம் வேணா கூட நிக்கட்டும். இருபத்தெட்டாம் தேதிக்குள்ள புதுசாட்டம் இருக்கணும்."

"என்ன ஆச்சு சார்?"

"போட்டு கட்டுத ஜெட்டியில உரசிருச்சாம்."

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். இங்கே ஸ்டோர் ரெஜிஸ்டர் எழுதத்தான் சேர்ந்தேன். டப்பாவில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்து, எது எதோடு எவ்வளவு என்று சொல்லப்போய், பாலிஷ் ஆள் வராத ஒரு நாள் நானே தேய்த்துக் காட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பாலிஷ் வேலை என்னுடையது ஆகிவிட்டது. யாரோடும் பேசவேண்டாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

போட் முழுக்கப் பூத்துப்போயிருக்கிறது. வெயிலில் கிடந்து ஜெல்கோட் மங்கி, தொட்டால் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டினால் இங்கே பூத்துப்போச்சு என்பார்கள். ஜெல்கோட்தான் ஃபைபர் போட்டின் தோல். மொத்தமே அரை மில்லிமீட்டர். அந்தப் பூத்த அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு, கீழே இருக்கும் நல்ல அடுக்கைக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் அதிகம் போனால் ஃபைபர் தெரிந்துவிடும். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது.

ஜனவரி 20

சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினோம்.

பக்கவாட்டில் பெயர் ஒட்டியிருந்திருக்கிறது. ஸ்டிக்கரைப் புதிதாக உரித்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வெயில் படவில்லை, அதனால் அந்த இடம் மட்டும் பூக்காமல் பளபளவென்று இருந்தது. சாய்ந்து நின்று பார்த்தால் எழுத்துக்கூட்டி வாசிக்க முடிந்தது. ஸில்வர் ஏஞ்சல்.

"என்னட்டி வாசிக்க?" என்றாள் புஷ்பம் அக்கா.

"போட் பேரு."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே. வெள்ளையில வெள்ளையாத்தான் இருக்கு."

வலது பக்கம், மூக்கிலிருந்து ஒரு கை தள்ளி, உரசல் ஆரம்பிக்கிறது. நான்கடி நீளம். ஜெல்கோட் இரண்டு இடத்தில் தெறித்திருக்கிறது. மற்ற இடங்களில் வரிவரியாக இழுத்திருக்கிறது. அந்த வரிகளுக்குள் பச்சை.

"ஏட்டி, இது என்ன பச்சை?"

"பாசி" என்றேன். "ஜெட்டியில பாசி இருக்கும்லா."

அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "பாசின்னா சுரண்டுனா வருமே. இது வரலியே."

"காஞ்ச பாசி."

"படிச்சவ சொன்னா சரிதான்" என்று போய்விட்டாள். அவள் ஊர் உப்பளத்துப் பக்கம். வள்ளங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

மதியம் சார் வந்து உரசலைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். புஷ்பம் அக்கா நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். "பாசியாம் சார். காஞ்ச பாசியாம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பாசியா?" என்றார். பிறகு, "சரி, அப்படியே கார்டுல எழுதிரு. ஜெட்டி உரசல், பாசிக் கறை. கையெழுத்துப் போட்டுத் தா" என்றார்.

எழுதினேன். ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு வேலைக் கார்டு உண்டு. என்ன பழுது, என்ன செய்தோம், யார் செய்தது என்று இருக்கும். கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அப்பாவுக்குக் கஸ்பார் என்ற தன் பெயரில் "ஸ்" எந்தப் பக்கம் திரும்பும் என்பதே சந்தேகம். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்தை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். மை காயாமல் இருந்தது, கொஞ்சம் இழுவிவிட்டது.

ஜனவரி 21

நானூறு நம்பர் வாட்டர் பேப்பர், நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். முதலில் உரசலின் குறுக்கும் நெடுக்கும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். பென்சில் கோடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மறைந்தால் ஒரே அளவு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

வழிந்த தண்ணீர் பால் மாதிரி இருந்தது. உரசலுக்கு வந்ததும் பச்சையாக வழிந்தது. வாளியில் பிழிந்தேன். வாளியும் பச்சை.

ஒரு பேப்பர் முழுவதும் பச்சை அடைத்துக்கொண்டது. தேய்ந்த பேப்பரைத் தூக்கிப்போடுவதுதான் வழக்கம். இதைக் கழுவாமல் காயவைத்து டிபன் பாக்ஸ் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். எதற்கென்று தெரியவில்லை. இப்போது இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 22, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வரும்போது கிணற்றடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். "பாவக்கா போட்டு" என்பது மட்டும் காதில் விழுந்தது.

எங்கள் வள்ளத்துக்கு ஊரில் அதுதான் பெயர்.

போன வருஷம் வள்ளத்தின் மேல்விளிம்புப் பட்டை வெடித்துப்போயிருந்தது. அப்பா புதிதாகப் பூச வேண்டும் என்றார். நான் சாரிடம் கேட்டு ஷெட்டில் டப்பாக்களின் அடியில் மிஞ்சியிருந்த கலர் பேஸ்ட்டை வாங்கி வந்தேன். நீலம் கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம். இரண்டையும் ஜெல்கோட்டில் கலக்கினேன். நல்ல கடல்பச்சை வரும் என்று நினைத்தேன். மஞ்சள் கூடிப்போனது. சரிக்கட்ட மறுபடி நீலம் விட்டேன். அதற்கப்புறம் கொஞ்சம் கறுப்பு. கடைசியில் எந்தக் கடையின் கலர் அட்டையிலும் இல்லாத ஒரு பச்சை வந்தது.

தொம்மை மாமா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "மூணு வருஷம் காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தானுவளா? பாவக்காய அரைச்சு ஊத்துன மாதிரில்லா இருக்கு" என்றார். கரையே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாதான், "கலர் கெடக்கட்டும்டா. பூசியிருக்கதப் பாரு, ஒரு திட்டு உண்டா? உனக்கு நல்ல கை பிள்ள" என்றார். அதன்பின் மாமாவே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். நூறு வள்ளம் கிடந்தாலும் எங்க பாவக்கா தனியாத் தெரியும் என்று.

சாரும் ஒரு முறை கரைக்கு வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "எங்கிட்ட வாங்கின கலரா இது?"

மிச்சக் கலர் கட்டிலுக்கு அடியில் ஒரு டப்பாவில் இருக்கிறது. அம்மா அதைத் தூக்கிப் போடச் சொன்னாள். நான் போடவில்லை. திறக்கவும் இல்லை.

ஜனவரி 23

நானூறு நம்பர் பாதி முடிந்தது.

ஜனவரி 24

இன்று மாலை பார்த்தபோது ஒரு சாண் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் வெளுத்துவிட்டது. அந்த ஒரு சாணில் வரி ஆழமாக இருக்கிறது, பச்சையும் கெட்டியாக இருக்கிறது.

கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். என்ன சொல்வது என்று போகும்போதே மனதுக்குள் எழுதிக்கொண்டேன். சார், இந்த உரசலை ஒரு முறை யாரிடமாவது காட்டிவிட்டுத் தேய்க்கலாமா. இவ்வளவுதான். பத்து வார்த்தைகூட வராது.

சார் நிமிர்ந்தார். "வா ஜெனோவா. அப்பா எப்பிடி இருக்காரு?"

"இருக்காங்க சார்."

"கஷ்டம்தான். உன் கடைசி வருஷப் பரீட்சைக்குப் பணம் கட்ட முடியலன்னு அவரு இங்க வந்து நின்னது இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி. மகள எப்பிடியும் முடிக்க வச்சிரணும்னாரு. முடிச்சிட்டல்லா? அதான் வேணும்." பேனாவை மூடி வைத்தார். "இங்க பத்துப் பேர் வேல பாக்கானுவ. ஒரு வேலையத் தந்தா ஏன் எதுக்குன்னு கேக்காம செய்யிற ஆளு நீ ஒருத்திதான். அந்தக் குணம் எல்லாருக்கும் வராது. என்ன விஷயமா வந்த?"

"எண்ணூறு நம்பர் பேப்பர் தீந்துபோச்சு சார்."

"ஸ்டோர் சாவி உங்கிட்டதானே இருக்கு?"

"ஆமா சார்."

திரும்பி வந்தேன். சாவி என் கழுத்துச் சரட்டில்தான் தொங்கியது.

ஜனவரி 25

அந்த ஒரு சாண் இன்று காலை பத்தரைக்குள் முடிந்தது. புஷ்பம் அக்கா, "மெதுவாத் தேயிட்டி, கொல பண்ற மாதிரி தேய்க்கியே" என்றாள்.

பாசி கெட்டியாக இருந்தது. பழைய ஜெட்டி போலிருக்கிறது.

தெறித்த இரண்டு இடத்திலும் வெள்ளை ஜெல்கோட் வைத்து அடைத்தேன்.

ஜனவரி 27

எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரம். ஒவ்வொன்றும் முந்தையது போட்ட கீறலை அழிக்கும். பிறகு காம்பவுண்டு என்ற மெருகுப் பசை போட்டு பஃபிங் மெஷின். கம்பளி உருளையை ஒரு இடத்தில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சூடாகிப் பொசுங்கிவிடும். போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

பெயர் இருந்த இடத்தையும் சேர்த்து எடுத்தேன். இப்போது எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் எழுத்து இல்லை.

வேக்ஸ் இரண்டு பூச்சு. உரசல் எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே தேடத் தோன்றியது. விரலை ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். ஒன்றும் தட்டவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்த இடத்தில் என் முகம் தெரிந்தது.

இதுவரை செய்ததில் இதுதான் மிக நல்ல வேலை. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜனவரி 28

போட் போய்விட்டது. கொச்சியில் யாரோ வாங்கிவிட்டார்களாம். வந்திருந்த மேனேஜர் வலது மூக்குப் பக்கத்தை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தார். மற்ற இடங்களைப் பார்க்கவில்லை.

"ஏ ஒன்" என்றார்.

சார் எல்லோர் முன்னாலும் என்னை ஃபினிஷிங் இன்சார்ஜ் என்று அறிவித்தார். புஷ்பம் அக்கா கை தட்டினாள். "இனிமே உன்ன ஏட்டின்னு கூப்பிடலாமா, கேட்டுத்தான் கூப்பிடணுமா?"

அம்மாவிடம் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நல்லது என்றார். பத்தொன்பது நாளில் அவர் முகத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று வந்துபோயிற்று.

ஜனவரி 31

அப்பா இன்று சாப்பிடும்போது தானாகவே பேசினார். "ரெட்ட மெஷின் சத்தம்னு சொல்லுதேன். ஒத்த மெஷினாவும் இருந்திருக்கலாம். பனியில சத்தம் ரெண்டாக் கேக்கும்."

அம்மா, "நீங்க சும்மா இருங்க" என்றாள்.

பிப்ரவரி 2

"வெள்ளையாத்தான் இருந்துச்சான்னு இப்ப கேட்டா எனக்கே தெரியல" என்றார் அப்பா. "அலை நுரையும் வெள்ளைதானே."

பிப்ரவரி 4

அப்பா ஆக்னஸ் அத்தை வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அத்தை வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

அப்பா அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். முட்டி போடத்தான் நினைத்தார் என்று நினைக்கிறேன், கால் மடங்கவில்லை.

"ஆக்னஸு, நான்தான் கண்ணசந்துட்டேன் போலருக்கு. எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு இப்ப அப்பிடித்தான் தோணுது. நான்தான் தொம்மையக் கொன்னுட்டேன். நீ ஒரு வார்த்தை என்னத் திட்டிட்டாப் போதும்."

அத்தை மீன் செதிலை எடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "வெள்ளைப் போட்டுன்னு சொன்னியளே அண்ணே" என்றாள். "அதத்தான் நான் நம்பிக்கிட்டு இருந்தேன். உங்க முகத்தப் பாத்தா கேட்டுருவேன்னுதான் பாக்காம இருந்தேன். இப்ப அதுவும் இல்லன்னு சொல்ல வந்தியளா?"

அவள் நம்பியிருந்திருக்கிறாள். இந்த ஊரில் அப்பாவை நம்பிய ஒரே ஆள்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

பிப்ரவரி 5, ஞாயிறு

டப்பாவைத் திறந்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் கிழித்து ஒரு சொட்டு எடுத்து அட்டையில் தடவிக் காயவைத்தேன். டைரியிலிருந்த வாட்டர் பேப்பரைப் பக்கத்தில் வைத்தேன்.

ஒன்றுதான்.

இதைத் தெரிந்துகொள்ள டப்பாவைத் திறந்திருக்க வேண்டியதில்லை. இருபதாம் தேதி தண்ணீர் ஊற்றியபோதே தெரியும். இல்லை, அதற்கும் முன்னால். தார்பாயை உருவி அந்த வெள்ளையைப் பார்த்தபோதே. பாசி என்று ஏன் சொன்னேன்? புஷ்பம் அக்கா கேட்டதும் வாயில் வந்தது. சொன்ன பிறகு அது பாசியாக இருந்தால் போதும் என்றிருந்தது. இன்னும் எவ்வளவு வேலை இருக்கிறது, இன்னும் எவ்வளவு என்று தேய்த்துக்கொண்டே போனேன். நான் கேள்வி கேட்காதவள் என்று சார் சொன்னபோது, கேட்டுவிட்டால் நான் யார் என்று பயந்தேன்.

இதற்கு மேல் எழுதினால் இதுவும் ஒரு பாலிஷ்தான்.

பிப்ரவரி 8

அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள். "கமிட்டியில சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லுவேன்."

"உனக்குப் பேச வருமா?"

பிப்ரவரி 12, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் பிறகு வலைக்கூடத்தில் கூட்டம். ஆண்கள் உள்ளே. பெண்கள் வெளிச் சுவரோரம். அப்பா நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

கமிட்டித் தலைவர் ஜெரோம் மாமா, "கஸ்பாரு, நீ சொல்லதுக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் அப்பா.

நான் சுவரைத் தாண்டி உள்ளே போனேன். "நான் பேசணும்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"யாரு, கஸ்பார் மவளா? இதுக்குப் பேச்சு வருமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

பேசினேன். வரிசையாக வரவில்லை. முதலில் டப்பாவைப் பற்றிச் சொன்னேன், பிறகு போட்டைப் பற்றி, பிறகு மறுபடி டப்பா. ஸில்வர் ஏஞ்சல் என்ற பெயரைச் சொன்னேன். பேப்பரையும் அட்டையையும் மேஜையில் வைத்தேன்.

ஜெரோம் மாமா இரண்டையும் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆட்கள் சூழ்ந்தார்கள். "பாவக்காப் பச்சைதாம்ல" என்றார் ஒருவர். "நம்ம கரையில வேற எவன் வச்சிருக்கான் இந்தக் கலரு?" சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. சுவருக்கு அப்பால் ஆக்னஸ் அத்தை எழுந்து நின்றுவிட்டாள். அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்த நேரம் ஒரு நிமிஷம் இருக்குமா, அதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

ஜெரோம் மாமா ரெமிஜியுஸ் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சார் கோபப்படவே இல்லை. "பாவம், மாமா போன துக்கம் பிள்ளைக்கு. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கிட மாட்டேன். அது என்ன உரசல்னு அவளே கார்டுல எழுதிருக்கா. அனுப்புதேன், பாத்துக்கிடுங்க."

போட்டோ வந்தது. ஜெரோம் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார். "ஜெட்டி உரசல். பாசிக் கறை."

போனை என் பக்கம் திருப்பினார். "கையெழுத்து உன்னுதா?"

"ஆமா."

"அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்லுதது பொய்யா?"

"அப்ப எழுதினதுதான்."

"சரி. கறை இருந்த போட்டு எங்க?"

"கொச்சிக்குப் போயிட்டு."

"அங்க போயிப் பாத்தா அந்தக் கோடு இருக்குமா?"

"இருக்காது."

"ஏன்?"

"தேச்சாச்சு."

"யாரு தேச்சா?"

"நான்தான்."

 வெளியே ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. பிறகு ஒருவர் மெதுவாகச் சொன்னார். "கலரும் அந்த ஷெட்டுது, பேப்பரும் அந்த ஷெட்டுது. நேத்து தேச்சுக்கூடக் கொண்டாரலாம். அப்பனுக்காகப் பிள்ள சொல்லுது. தப்பில்ல. ஆனா இத வச்சு எப்பிடி?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

முடிவு: அப்பா ஒரு வருஷம் யார் வள்ளத்திலும் தொழிலுக்குப் போகக் கூடாது. எழுதிக்கொண்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். "ஸ்" சரியாகத்தான் திரும்பியிருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு ஆக்னஸ் அத்தை மேஜைக்கு வந்தாள். வாட்டர் பேப்பரை எடுத்துப் பச்சையின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். அது சொரசொரப்பாக இருந்திருக்கும். "எத்தன நாளு இத வச்சிருந்த?" என்று கேட்டாள்.

"இருபத்திரண்டு நாள்."

பேப்பரை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். வள்ளத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். எனக்கு அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை இல்லை.

பிப்ரவரி 13

வேலைக்குப் போகவில்லை. ஸ்டோர் சாவியைப் புஷ்பம் அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். பஸ் நிறுத்தத்தில் வாங்கிக்கொண்டவள், "நான் அன்னைக்கே சொன்னேன்லா, பாசின்னா சுரண்டுனா வரும்னு" என்றாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அம்மாவோடும்தான். இன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, இனி ஒரு வருஷத்துக்கு வேலை இல்லாத அவருடைய வலைக்கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பும்போது கூப்பிட்டார்.

"ஏ பிள்ள."

நின்றேன்.

"அந்தப் போட்டு நல்லா வந்துச்சா?"

"என்னதுப்பா?"

"பளபளப்பு."

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். இனிமேல் அவரிடம் அதைச் செய்ய முடியாது.

"வந்துச்சுப்பா. மூஞ்சி தெரிஞ்சது."

அப்பா கத்தியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"வரும்" என்றார். "உனக்கு நல்ல கை."